ஆறாத புண் என்று விட்டுவிடாதீர்கள்



'சின்னப் புண்தானே, தானா ஆறிடும்' என்று தள்ளிப்போட்டு, கடைசியில் காலையே இழந்த ஒருவர் நம் சொந்தத்திலோ தெருவிலோ இருப்பார். சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட காலம் இது. அதனால்தான் இந்த இதழின் சிறப்புக் கட்டுரையை ஆறாத புண்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

ஆறாத புண்களுக்கான சிகிச்சையில் நம் மண்ணுக்கும் பெரிய பங்கு உண்டு. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அவர் நோயாளிகளைக் கூர்ந்து கவனித்தார். நரம்பு உணர்ச்சி போனதால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால் அவர்கள் புண்பட்ட இடத்தையே மறுபடி மறுபடி ஊன்றி நடந்தார்கள். பாதத்தோடு ஒட்டிய மாவுக்கட்டைப் போட்டு, ஒரே இடத்தில் விழுந்த அழுத்தத்தைப் பரவச் செய்ததும், நாள்பட்ட புண்களும் ஆறத் தொடங்கின. பின்னாளில் அவர் அமெரிக்கா சென்றபோது இந்த அனுபவமும் கூடவே போனது. சர்க்கரை நோயாளிகளின் உள்ளங்கால் புண்ணுக்கு இன்று உலகெங்கும் இத்தகைய மாவுக்கட்டைப் போடுகிறார்கள்.

ஓர் அரசு மருத்துவமனையின் பாதப் பிரிவில் நம் நிருபர் கண்டதையும் சொல்ல வேண்டும். ஒரு நோயாளியின் கால் பெருவிரலுக்குக் கீழே காய்த்துப்போன தோல். அதன் நடுவே புண். மருத்துவர் முதலில் புறங்காலில் விரல் வைத்து நாடித்துடிப்பைப் பார்த்தார். ரத்த ஓட்டம் இருக்கிறது என்று உறுதியான பிறகே கத்தியை எடுத்தார். "இருக்கிற புண்ணையே வெட்டிப் பெரிசாக்குறீங்களே டாக்டர்!" என்று பதறினார் நோயாளி. "செத்த சதையைத்தான் எடுக்கிறேன் ஐயா. அது கிடக்கிற வரைக்கும் கிருமிக்கு அதுதான் வீடு. நல்ல சதை தெரிஞ்சாத்தான் புதுசு வளரும்" என்றார் மருத்துவர். காய்ப்பைச் சீவியதும் வெள்ளைத் தோலுக்கு அடியில் ஒளிந்திருந்த சீழ் வெளியே வந்தது. மேலே பார்த்தபோது மிளகளவு இருந்த புண், உள்ளே அதைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்தது கட்டு. புண்ணைத் திறந்துபோட்டுக் காயவிட்டால்தான் ஆறும் என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். 1962இல் ஆய்வாளர் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் தோலில் செய்த ஆய்வு இதற்கு மாறான உண்மையைச் சொன்னது: மெல்லிய பாலிதீன் படலத்தால் மூடி ஈரம் காத்த காயங்களில், புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. அதற்காக ஊறவிடவும் கூடாது. நீர் அதிகம் கசியும் புண்ணுக்குக் கடற்பாசியிலிருந்து செய்த ஆல்ஜினேட்டோ ஃபோமோ. வறண்ட புண்ணுக்கு ஹைட்ரோஜெல். புண் மாற மாறக் கட்டும் மாற வேண்டும்.

கசிவை உறிஞ்சியெடுக்கும் வாக்குவம் கருவி, அழுத்த அறையில் தரும் ஆக்சிஜன் என்று நவீன வசதிகளும் வந்திருக்கின்றன. தேர்ந்தெடுத்த சிலருக்கு இவை நன்றாக உதவுகின்றன. ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல், அடைத்த ரத்தக்குழாயைச் சரிசெய்யாமல், அதே காலை ஊன்றி நடந்துகொண்டிருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த கட்டும் வீண்தான். புண்ணுக்கு மேலே போடும் மருந்தைவிட, புண் ஏன் ஆறவில்லை என்ற கேள்விதான் முக்கியம். உள்ளங்கால் புண் நான்கு வாரச் சிகிச்சையில் பாதி அளவாவது சுருங்கவில்லையென்றால், சிகிச்சையை மறுபடி அலச வேண்டும். 'ஏன் ஆறவில்லை?' என்ற கேள்வியை மருத்துவரிடம் நீங்களே தயங்காமல் கேட்கலாம்.

வாசகர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் தினமும் அவர் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். அவரால் குனிய முடியாவிட்டால் பிள்ளைகள் பாருங்கள். கால் ஆணியையோ காய்ப்பையோ வீட்டில் பிளேடால் சீவ வேண்டாம். வலிக்கவில்லை என்பதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். புண்ணோ சிவப்போ வீக்கமோ கண்ணில் பட்டால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நேரத்தோடு போனால் பெரும்பாலான கால்களைக் காப்பாற்றிவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்