பிறந்தநாள் யாருக்கு?

சென்ற ஆண்டு டிசம்பரில் ஒரு மாலை வீட்டு வாசலில் நட்சத்திர விளக்கைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஏணியடியில் நின்ற என் ஆறு வயதுப் பேத்தி, "தாத்தா, சாண்டா தாத்தாவுக்கு இந்தப் பிறந்தநாளோட எத்தனை வயசு ஆகுது?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். கீழே இறங்கிய பிறகுதான் உறைத்தது.

குற்றம் குழந்தையுடையதல்ல. கடைவாசலிலும் பள்ளி விழாவிலும் தொலைக்காட்சியிலும் அவள் காண்பது சிவப்பு அங்கி அணிந்த அந்தத் தாத்தாவைத்தான். வீட்டில் நாங்கள் பேசியது கேக், புத்தாடை, ஊருக்குப் போக ரயில் டிக்கெட், இவ்வளவே. என் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோதும் நான் வேறாக நடந்துகொள்ளவில்லை. ரயில்வே வேலையில் பல இரவுகள் பாதையோரத்தில் கழிந்தன. "ஓய்வுநாள் பாடசாலை இருக்கிறது, அவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள்" என்று இருந்துவிட்டேன். வாரத்தில் ஒரு மணி நேரம் கற்பதை மற்ற நாட்களில் வீடு தாங்கிப்பிடிக்காவிட்டால் அது எப்படி நிற்கும்?

ஊரில் இருந்தவரை இந்தக் கவலை இல்லை. முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுக்கும்போதே பாட்டி பெத்லகேம் கதையைச் சொல்லிவிடுவாள். கழக்கூட்டத்தில் வாழும் நம் பிள்ளைகளோ பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் வேதாகமம் அலமாரியில் இருக்கிறது. அதை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? மொழியோடு சேர்ந்து கதையும் கை நழுவுகிறது.

ஆனால் வெளியூரில் வாழும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேறில்லை. குடிமதிப்பு எழுத வேண்டும் என்ற அரசாங்க உத்தரவுக்காக, நிறைமாதக் கர்ப்பிணியோடு நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் புறப்படுகிறார் யோசேப்பு. ஏறத்தாழ 150 கிலோமீட்டர். இங்கிருந்து திருநெல்வேலிக்குப் போவது போன்ற தூரம். போய்ச் சேர்ந்தால் சத்திரத்தில் இடமில்லை. குழந்தையைக் கிடத்த மாட்டுக்குத் தீனி வைக்கும் முன்னணைதான் கிடைக்கிறது. பின்னர் ஏரோதுக்குப் பயந்து எகிப்துக்கு ஓடி, அந்நிய மண்ணில் பிழைக்கிறார்கள். வேலை தேடி இங்கே வந்து, வாடகை வீட்டுக்காகப் படியேறி இறங்கிய நம்மில் எத்தனை பேருக்கு இது சொந்தக் கதை!

அந்தப் பிறப்பின் செய்தி முதலில் அரண்மனைக்குப் போகவில்லை. இரவில் மந்தை காத்த மேய்ப்பருக்குத்தான் வந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம், மழை இரவில் கைவிளக்கோடு தண்டவாளத்தைப் பார்த்தபடி நடந்து போகும் எங்கள் ரோந்துப் பணியாளர்கள் என் கண்முன் வருவார்கள். ஊர் உறங்கும்போது விழித்திருப்பவனைத் தேடி இறைவன் வந்தார். எளியவனாய், எளியவரிடம் வந்தார். நம் பிள்ளைகள் அறிய வேண்டிய பொருள் இதுவே.

"குழந்தைகள் மகிழட்டும், அதற்குள் பிரசங்கம் எதற்கு?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். கேக்கையும் நட்சத்திரத்தையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. சாண்டாவைக்கூட விரட்ட வேண்டாம். அவர் கதைக்கு மூலமான நிக்கோலாஸ், இன்றைய துருக்கியிலுள்ள மீரா நகரில் 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயர். ஓர் ஏழையின் மூன்று பெண்களுக்கு இரவில் யாரும் அறியாமல் பொன் கொடுத்தார் என்பது மரபுக்கதை. கிறிஸ்து தம்மையே கொடுத்ததால் அவரும் கொடுத்தார் என்று சொல்லிக்கொடுத்தால், சாண்டாவே பிள்ளைகளுக்கு வழிகாட்டியாகிவிடுவார்.

கொடுப்பது என்றால் என்ன என்பதற்குத் தொலைவில் உதாரணம் தேட வேண்டாம். பக்கத்துத் தும்பாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். புவிகாந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருந்ததால் 1960-களின் தொடக்கத்தில் விக்ரம் சாராபாய் அந்தக் கடற்கரையை ராக்கெட் தளத்துக்குக் கேட்டார். அங்கே மீனவ மக்களின் மகதலேனா மரியாள் ஆலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா ஞாயிறு ஆராதனையில் மக்களிடம் கேட்க, அவர்கள் சம்மதித்தார்கள் என்று அப்துல் கலாம் நினைவுகூர்ந்திருக்கிறார். வீடுகளையும் ஆலயத்தையும் விட்டு அந்த மக்கள் இடம் பெயர்ந்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து பறந்தது. தொடக்கத்தில் விஞ்ஞானிகளின் பணியிடமாக இருந்த அந்த ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். இருப்பதில் மிச்சத்தைக் கொடுப்பது வேறு, தங்கள் பீடத்தையே கொடுப்பது வேறு.

வீட்டில் என்ன செய்யலாம்? பொறியாளன் என்பதால் கணக்கோடு சொல்கிறேன். மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரங்கள், லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்கள், ஆக 180 வசனங்கள். டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஏழெட்டு வசனம்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் போதும். பெரியவர் தமிழில் வாசிக்கட்டும். தெரியாத சொல்லுக்குப் பிள்ளைகள் பொருள் கேட்கட்டும். தமிழும் வளரும், விசுவாசமும் வளரும்.

குடிலைக் கடையில் வாங்காமல் பிள்ளைகளையே கட்டவிடுங்கள். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் குடில் அமைத்ததும் கதையைக் கண்ணால் காணச் செய்யத்தான். நாளுக்கு ஓர் உருவமாக வைக்கட்டும். முன்னணை மட்டும் 24-ஆம் தேதி இரவுவரை காலியாகவே இருக்கட்டும். எத்தனை சாஸ்திரிகள் வந்தார்கள் என்று மத்தேயுவில் தேடச் சொல்லுங்கள். எண்ணிக்கை அங்கே இல்லை என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பண்டிகையன்று ஊருக்குப் போக முடியாத ஒருவரையாவது நம் இலைக்கு அழைப்போம். வடநாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவராகவும் இருக்கலாம். "சத்திரத்தில் இடமில்லை" என்று வாசித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் வாசித்ததில் என்ன பயன்?

நம் சங்கத்தில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளை "நீங்கள் ஏன் நட்சத்திரம் கட்டுகிறீர்கள்?" என்று கேட்டால் நம் பிள்ளைக்குப் பதில் தெரிய வேண்டாமா? இஸ்லாமிய நண்பர்களின் திருக்குர்ஆனில் 19-ஆம் அத்தியாயம் மரியாளின் பெயரையே தாங்கியிருக்கிறது. பொருள் தெரிந்து கொண்டாடுகிறவனே அடுத்தவரின் பண்டிகையையும் மதிப்பான்.

பேத்தி கேட்ட அன்றிரவே வேதாகமத்தை எடுத்தேன். சென்ற ஆண்டு எங்களால் ஒன்பது இரவுகள்தான் வாசிக்க முடிந்தது. சில நாள் அவள் பாதியில் உறங்கிவிட்டாள். நான்காம் இரவு, டெக்னோபார்க்கிலிருந்து தாமதமாக வந்த என் மகன், சாப்பாட்டுத் தட்டோடு எங்கள் அருகில் வந்து உட்கார்ந்தான். அவன் சிறுவனாயிருந்தபோது நான் வாசித்துக் காட்டாத பகுதி அது. வாசித்து முடிக்கும்வரை அவன் எழுந்திருக்கவில்லை. எனக்குத்தான் இடையில் குரல் தடுமாறியது.

காலம் கடந்துவிட்டது என்று எந்தப் பெற்றோரும், எந்தத் தாத்தாவும் எண்ண வேண்டாம். இந்த ஆண்டு டிசம்பர் முதல் நாளே தொடங்குவோம். அனைவருக்கும் கிறிஸ்து பிறப்பின் நல்வாழ்த்துகள்.