டாட் ஷாப், டாட் ஆன்லைன்: இது நிலம் இல்லைங்க, வாடகை!



"டொமைன்னா டிஜிட்டல் ரியல் எஸ்டேட். டாட் காம்ல நல்ல பேரெல்லாம் போயிடுச்சு. டாட் ஷாப், டாட் ஆன்லைன்ல இப்பவே வளைச்சுப் போட்டா நாளைக்கு லட்சத்துக்கு விற்கலாம்." ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் சைடு வருமானம் தேடும் இளைஞர்கள் மத்தியில் இந்தப் பேச்சைக் கேட்கிறேன். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: உங்க தொழிலுக்கு ஒரு பெயர் வாங்குங்க. விற்பதற்காக ஐம்பது பெயர் வாங்காதீங்க.

ஏன் இது நிலம் இல்லை?

ராயபுரத்தில் ஒரு கிரவுண்டு வாங்கினால் பத்திரம் உங்க பேர்ல. அடுத்த வருஷம் "புதுப்பிக்கப் பணம் கொடு"ன்னு பழைய ஓனர் வந்து நிற்க மாட்டார். டொமைனை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருடத்துக்குத்தான் பதிவு செய்ய முடியும். பணம் கட்டலைன்னா பெயர் போச்சு.

துறைமுக வேலையில் இருப்பவர்களுக்கு இது ஈஸியா புரியும். சி.எஃப்.எஸ்-ல கன்டெய்னர் இறங்கினதும் சில நாள் ஃப்ரீ. அப்புறம் கிரவுண்ட் ரென்ட் ஓட ஆரம்பிச்சுடும். சரக்கை எடுக்க ஆள் வரலைன்னா வாடகையே சரக்கைத் தின்னுடும். டொமைன் விளம்பரத்தில் வரும் "முதல் வருஷம் 99 ரூபாய்" அந்த ஃப்ரீ நாள் மாதிரிதான்.

கணக்குப் போடலாம். சலுகையில் ஒரு பெயர் 150 ரூபாய் வீதம் 50 பெயர் வாங்குறீங்கன்னு வெச்சுக்குவோம். செலவு 7,500 ரூபாய். ரெண்டாவது வருஷம் புதுப்பிக்க ஒரு பெயருக்கு 2,500 ரூபாய் என்றால் 1,25,000. அதுக்கு 18% ஜிஎஸ்டி 22,500. மொத்தம் 1,47,500 ரூபாய். வருஷா வருஷம் ஒரு பெயராவது ஒன்றரை லட்சத்துக்கு விற்றால்தான் கைக்காசு போகாமல் இருக்கும். லாபம் அதுக்கு மேலதான்.

அந்தப் புதுப்பிப்புக் கட்டணமும் உங்க கையில் இல்லை. டாட் காம் மொத்த விலைக்கு ஒப்பந்தப்படி உச்சவரம்பு உண்டு. புது எக்ஸ்டென்ஷன்களுக்கு அப்படி இல்லை. 2017-ல் யூனிரெஜிஸ்ட்ரி என்ற நிறுவனம் தன் எக்ஸ்டென்ஷன்கள் பலவற்றின் விலையைப் பல மடங்கு ஏற்றுவதாக அறிவித்தது. கோடாடியே அவற்றை விற்பதை நிறுத்தும் அளவுக்குப் பிரச்சினை ஆனது.

அப்போ யாருக்கு லாபம்?

2012-ல் புது எக்ஸ்டென்ஷன்களுக்கு ஐகான் அமைப்பு விண்ணப்பம் கேட்டபோது ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,85,000 டாலர். வந்தவை 1,930. அந்த முதலீட்டைத் திரும்ப எடுப்பது நீங்க வருஷா வருஷம் கட்டும் கட்டணத்தில்தான். டாட் ஏஐ-யைப் பாருங்க. அது அங்கியுலா என்ற குட்டித் தீவின் நாட்டுக் குறியீடு. ஏஐ அலையில் 2023-ல் அந்தத் தீவு அரசுக்கு டொமைன் மூலம் கிடைத்தது சுமார் 3.2 கோடி டாலர், அரசு வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். உறுதியான வருமானம் வாடகை வாங்குபவருக்குத்தான்.

"வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்கு வித்துச்சே?" ஆமா, 2019-ல். அது டாட் காம், ஒரே ஒரு பெயர். அதே சொல்லை இன்னைக்கு நூற்றுக்கணக்கான எக்ஸ்டென்ஷன்களில் பதிவு செய்யலாம். இவ்வளவு மாற்று இருக்கும்போது உங்களிடம் மட்டும் ஏன் பேரம் பேசணும்?

பெரிய கம்பெனி பெயரைப் பிடித்து வைத்தால்?

அது இன்னும் ஆபத்து. சென்னையைச் சேர்ந்த சிஃபி நிறுவனத்தின் வழக்கில், டொமைன் பெயருக்கும் வணிகப் பெயர் போன்ற பாதுகாப்பு உண்டு என்று 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இணைப்பை ஊகித்து ஜியோஹாட்ஸ்டார் டாட் காம் பெயரை வாங்கி வைத்த டெல்லி இளைஞர், 2024-ல் ரிலையன்ஸிடம் தன் மேல்படிப்புச் செலவைக் கேட்டார். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்று பிறகு அவரே எழுதினார்.

வரியும் மறக்காதீங்க. அடிக்கடி வாங்கி விற்றால் அது வியாபாரம். லாபத்தை வணிக வருமானமாகக் காட்டி, உங்க ஸ்லாப்படி வரி கட்டணும். டாலரில் வந்தாலும் அப்படித்தான்.

சரி, என்ன செய்யலாம்?

1. காசிமேட்டில் மீன் ஏற்றுமதியோ, திருவொற்றியூரில் லேத் பட்டறையோ, ஒரு தொழிலுக்கு ஒரு நல்ல பெயர் போதும். முதல் சாய்ஸ் டாட் இன் அல்லது டாட் காம். வாடிக்கையாளருக்குப் பழகின முகவரிதான் நம்பிக்கை. ரிசர்வ் வங்கியும் 2025-ல் வங்கிகளை 'பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாறச் சொன்னது போலி இணையதளங்களைத் தடுக்கத்தான்.

2. டொமைன் உங்க பெயரில், உங்க இமெயிலில், உங்க மொபைல் எண்ணில் இருக்கணும். வெப்சைட் செய்து கொடுத்தவர் அக்கவுன்ட்டில் இருந்தால் இந்த வாரமே மாத்துங்க. அவர் போனை எடுக்கலைன்னா உங்க கடைப் பெயரே கைமாறிப் போகலாம்.

3. முதல் வருஷ விலையைப் பார்க்காதீங்க, புதுப்பிப்பு விலையைப் பாருங்க. ஆட்டோ ரினியூவல் போட்டு வைங்க.

இதையும் மீறி ஆசை இருந்தா, ரெண்டு மூணு பெயரோட நிறுத்திக்கோங்க, போனாலும் பரவாயில்லை என்கிற காசில் மட்டும். பி.எஃப் பணம், நகைக்கடன் பணம் இதில் வரவே கூடாது. காண்ட்ராக்ட் வேலையில் இருப்பவர் கையில் அந்த 1,47,500 ரூபாய் இருந்தால், வேலை நின்றுபோகும் சில மாதங்களுக்கு வீட்டு வாடகையும் பிள்ளைகள் ஸ்கூல் ஃபீஸும் அதிலிருந்து கட்டலாம். முதலில் அந்த அவசர நிதியைச் சேர்த்து முடிங்க.