கடலோர மாணவரும் நீச்சற் கலையும்

உடற்பயிற்சி என்றவுடன் நம் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவன கால்பந்தும் குத்துச்சண்டையும் பளுதூக்கலுமே. வடசென்னைக்கும் இவற்றிற்கும் உள்ள உறவு பழையது, பெருமைக்குரியது. ஆயினும், இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலை வாசலாகக் கொண்டு வாழும் நாம் நீச்சலை ஒரு பயிற்சியாக எண்ணுவதில்லை. "கடற்கரைப் பிள்ளைக்கு நீச்சல் கற்றுத் தர வேண்டுமா?" என்று கேட்போரும் உண்டு. அலையில் தத்தளித்துக் கரையேறுவது வேறு. களைப்பின்றி அரைமணி நேரம் நீந்துவது வேறு என்பது எனது துணிபு. மேலும், நம் வகுப்பறையில் இருப்போர் அனைவரும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் அல்லர்.

நீந்தினால் எத்தனை கலோரி செலவாகும் என்பதே பலரின் முதல் கேள்வி. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மிதமான வேகத்தில் 30 நிமிடம் நீந்தினால் ஏறத்தாழ 175 கலோரி செலவாகும். அதே நேரம் விரைந்து நடந்தால் ஏறத்தாழ 130. உடல் எடையை நீரே தாங்குவதால் முழங்காலுக்கும் முதுகுக்கும் அதிர்ச்சி இல்லை. ஆனால், முறையறியாதவர் 25 மீட்டர் கடப்பதற்குள் மூச்சிரைத்துச் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். மீட்டர் ஒன்றுக்கு அவர் செலவிடும் ஆற்றல் மிகுதிதான். எனினும் மொத்தக் கணக்கில் அவரே தோற்கிறார். ஆகவே முதலில் முறை; பிறகே கலோரி.

நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் இருமடங்கானால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. எனவே வலுவைக் கூட்டுவதினும் எதிர்ப்பைக் குறைப்பதே அறிவுடைமை. தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் தாழ்ந்துவிடும். முகம் கீழ்நோக்கியிருக்க, உடல் நேர்க்கோட்டில் நீண்டிருக்க வேண்டும். மூச்சை நீருக்குள்ளேயே விட்டு, உடலோடு தலையையும் பக்கவாட்டில் திருப்பி இழுக்க வேண்டும். கட்டுமரத்தில் துடுப்புப் போடும் பெரியவரைப் பாருங்கள்! அவர் நீரை அடிப்பதில்லை; நீரைப் பற்றிப் பின்னுக்குத் தள்ளுகிறார். முன்கையும் உள்ளங்கையும் செய்ய வேண்டிய வேலையும் அதுவே.

1966-இல் மிகிர் சென் பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். 1994-இல் நம் குற்றாலீசுவரன், ஆங்கிலக் கால்வாய் உள்ளிட்ட ஆறு நீர்ப்பரப்புகளை ஒரே ஆண்டில் கடந்தார். ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது அவருக்கு வயது 12. அச்சிறுவனின் வெற்றிக்குத் தோள்வலு ஒன்றே காரணமாக முடியுமா? பயின்ற முறையன்றோ அவரைக் கரைசேர்த்தது!

சரி, எங்கே பயில்வது? துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் எழுந்தபின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே கடல் கரையை அரித்தது. திருவொற்றியூரில் இன்று மணலுக்குப் பதில் பாறைக் குவியல்களே பல இடங்களில் உள்ளன. அலை மோதும் அப்பாறைகளிடையே இறங்குவது உயிருக்கே ஆபத்து. 2017 சனவரியில் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர் கழிமுகத்திலும் எண்ணெய் படர்ந்தது. இத்தகைய கடலைப் பயிற்சிக் களமாகக் கொள்ளுதல் தகுமா?

மெரினாவிலும் பெரியமேட்டிலும் வேளச்சேரியிலும் நீச்சல் குளங்கள் உண்டு. ஆனால் எண்ணூர் மாணவர் அங்கே போய்த் திரும்பவே அரைநாள் ஆகிவிடும். நடந்து செல்லும் தூரத்தில் நமக்கும் ஒரு பொதுக்குளம் வேண்டும். அதில் மாணவியர்க்கெனத் தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் வேண்டும். "குடிநீருக்கே பஞ்சமான நகரில் குளமா?" என்பர் சிலர். குளத்து நீரை நாள்தோறும் கொட்டி நிரப்புவதில்லை. வடிகட்டித் தூய்மை செய்து திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அதுவரை, நம் உடற்கல்வித் துறை மாணவரை வாரம் ஒருமுறை, குழுக் குழுவாக, மாநகராட்சிக் குளத்திற்கு அழைத்துச் செல்லலாம்.

மாணவத் தோழர்களே! பட்டத்தோடு நீச்சலும் கற்று வெளியேறுவோம். அது நம் உடலைக் காக்கும். ஒருநாள் பிறர் உயிரையும் காக்கும்.