கார்ட்டூன் என்று கோபிக்கலாமா?

உல்லாஸ்நகரில் நம்மவர் வீடுகள் பலவற்றில் ஒரே அறைதான், டெலிவிஷனும் அதில்தான். பிள்ளை ஜப்பான் கார்ட்டூன் பார்த்தால் அப்பாவுக்குக் கோபம் வருகிறது. ஊரில் பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்து வளர்த்தவர்தான் இந்த அப்பா!

'போக்கிமான்' பிறந்ததும் அப்படித்தான். சிறு வயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சதோஷி தஜிரி, அந்த ஆசையையே 1996-ல் வீடியோ கேமாக்கினார். மறு ஆண்டு அது டெலிவிஷன் தொடராயிற்று. 2003-ல் இந்தியாவுக்கும் வந்தது. கேம் இயந்திரம் வாங்க வசதியில்லாத வீட்டிலும் கேபிள் இருந்தது. நம் பிள்ளைகள் பலருக்கு ஜப்பான் படங்கள் மீது பற்று வந்தது இந்த வழியில்தான்.

அதே கேமை வைத்து 2013-ல் வந்த 'போக்கிமான் ஆரிஜின்ஸ்' நான்கே பகுதி. பெரிய தொடரின் புகழில் இது அமுங்கிவிட்டது. என்னைக் கேட்டால் இதுதான் உசத்தி. கதாநாயகன் ரெட் முதல் போட்டியிலேயே தோற்கிறான். பிறகு ஊர் ஊராகச் சுற்றித் தொழில் கற்றுக்கொள்கிறான். பிழைப்புத் தேடி வந்த நமக்கு இது புரியாதா என்ன?

பரீட்சை நேரத்தில் வேண்டாம் என்பது நியாயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் கூட உட்காரட்டுமே. மொத்தம் ஒன்றரை மணி நேரம். ஒரு தமிழ்ப் படத்தில் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான்.