ஒரு ஸ்கேன் போதாதா?

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி என்னைப் பார்க்க வந்தார். பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்த மகளுக்குக் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். ஐந்து நாளாக விடாத தலைவலி, வாந்தி.

"முந்தாநாள் ஸி.டி. ஸ்கேன் எடுத்தோம் டாக்டர். ஒண்ணுமில்லேன்னுட்டா. இன்னிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கணும்கறா. ஒரு ஸ்கேன் போதாதா?"

நியாயமான கேள்விதான். காவிரிக்கரைக்காரர்களுக்கு எளிதில் புரியும். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்னுக்கு ஏறி வயலே மூழ்குகிறதல்லவா? மூளையிலிருந்து ரத்தம் வடியும் சிரைகளில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டாலும் அதே கதிதான். மூளை வீங்கும், ரத்தம் கசியவும் கூடும்.

பிரசவமான ஆறு வாரம் வரை பெண்ணின் ரத்தத்துக்கு உறையும் தன்மை அதிகம். உடம்பில் நீர் வற்றினால் ஆபத்து இன்னும் கூடும். "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்னு அளந்துதான் குடுத்தேன்" என்றார் மாமி. பல வீடுகளில் நடப்பதுதான். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், சகோதரிகளே!

இனி ஸ்கேன் விஷயம். 1971-ல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு ஸி.டி. எடுத்தார்கள். அதற்கு முன்பெல்லாம் ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பதுதான் வழி. இன்று அது அபூர்வமாகவே தேவைப்படுகிறது.

சாதாரண ஸி.டி. சில நிமிஷத்தில் முடியும். ரத்தக்கசிவை நன்றாகக் காட்டும். ஆனால் சிரையிலுள்ள உறைகட்டி, சுமார் மூன்று பேரில் ஒருவருக்குத்தான் அதில் நேராகத் தெரியும். ஆகவே 'நார்மல்' என்றால் அடைப்பே இல்லை என்று பொருளல்ல.

கை நரம்பில் அயோடின் மருந்து ஏற்றி எடுப்பது ஸி.டி. வீனோகிராம். சிரைகள் தெளிவாகத் தெரியும், அவசரத்துக்கு ஏற்றது. கதிர்வீச்சு உண்டு. சிறுநீரகக் கோளாறோ அலர்ஜியோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் இல்லை. உறைகட்டியையும் மூளை வீக்கத்தையும் காட்டும். கூடவே எடுக்கும் எம்.ஆர். வீனோகிராமைப் பெரும்பாலும் மருந்து ஏற்றாமலே எடுக்கலாம். அரைமணி போல அசையாமல் படுக்க வேண்டும், சத்தம் அதிகம். சிலருக்கு ஒரு பக்கச் சிரை பிறவியிலேயே மெலிந்திருக்கும். அது அடைப்புப் போலத் தோன்றலாம். அதனால்தான் இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

எது உசத்தி? இரண்டு வீனோகிராமுமே நல்லவை. எது சீக்கிரம் கிடைக்கிறதோ அதை எடுப்பதே புத்திசாலித்தனம்.

எம்.ஆர்.ஐ.க்குப் போகுமுன் தாலி, மெட்டி, ஊக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். உடம்புக்குள் உலோகம் வைத்திருந்தால் மறைக்காதீர்கள். ஸ்கேன் மருந்துக்காகத் தாய்ப்பாலைப் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை.

இன்னொன்று: வைகுண்ட ஏகாதசிக்குப் போகணும் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஹார்மோன் மாத்திரைகளாலும் ரத்தம் உறையலாம். சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாமியின் மகளுக்கு எம்.ஆர்.ஐ.யில் அடைப்பு தெரிந்தது. ஹெப்பாரின் ஊசி போட்டார்கள். இப்போது குழந்தையும் தாயும் சுகம்.

பிரசவமானவளுக்குத் தலைவலி நாளுக்கு நாள் ஏறினாலோ, வலிப்பு, பார்வை மங்கல், கை கால் பலவீனம் வந்தாலோ தைலம் தடவிக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.