விமானி ஸ்டிரைக் பண்ணக் கூடாதா?

"லட்சத்தில் சம்பளம் வாங்குகிறவனுக்கு ஸ்டிரைக் எதற்கு?" விமானிகள் வேலைநிறுத்தம் என்று செய்தி வந்தால் திருக்காட்டுப்பள்ளி டீக்கடையில் இதைத்தான் கேட்கிறார்கள். நம் தோழர்களும் கேட்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறோம்.

2011 ஏப்ரல் 27 முதல் மே 6 வரை ஏர் இந்தியாவில் சுமார் 800 விமானிகள் வேலைக்குப் போகவில்லை. அவர்கள் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ்காரர்கள். 2007இல் அரசு இரண்டு நிறுவனங்களையும் இணைத்தது. பெயர் ஒன்றானது, சம்பளம் ஒன்றாகவில்லை. ஒரே நிறுவனத்தில் ஒரே வேலைக்கு இரண்டு கணக்கு ஏன் என்பதுதான் அவர்கள் கேள்வி. சங்கத்தின் அங்கீகாரத்தை நிர்வாகம் பறித்தது, முன்னணியில் நின்றவர்களை வேலையை விட்டு நீக்கியது. வேலைக்குத் திரும்பு என்ற டெல்லி உயர் நீதிமன்றம், திரும்பாதபோது அவமதிப்பு நடவடிக்கையில் இறங்கியது. அவர்கள் அசையவில்லை. நீக்கியவர்களைத் திரும்ப எடுக்கிறோம், சம்பளப் பிரச்சினையைப் பார்க்கிறோம் என்று அரசு இறங்கி வந்த பிறகே விமானம் ஏறினார்கள்.

அந்தப் பத்து நாளும் அவர்கள் வாங்கிய திட்டு நமக்குப் பழக்கமானது. பேராசைக்காரர்கள், நேரம் பார்த்து அடிக்கிறார்கள், ஜனங்கள் அவதிப்படுகிறார்கள். கதிர் முற்றி நிற்கும்போதா கூலி கேட்பது என்று நம் தாத்தா பாட்டிகளைக் கேட்டவர்களும் இப்படித்தான் பேசினார்கள். பின்னே எப்போது கேட்பதாம், களம் கூட்டி நெல் பத்தாயத்துக்குப் போன பிறகா? அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்காக, சங்கத்தை விட மாட்டோம் என்றதற்காக, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அதுவும் அன்றைக்கு இதே தஞ்சை மாவட்டம்தான்.

விமானியையும் வெண்மணியையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. விமானிக்கு வேலை போனாலும் வீடு எரியாது. ஆனால் வேலையை நிறுத்தும் உரிமை சம்பளத்தின் அளவைப் பார்த்து வருவதில்லை. 1938இல் பம்பாய் அரசு கொண்டுவந்த தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து அண்ணல் அம்பேத்கர் சட்டமன்றத்தில் பேசியதன் சாரமே இதுதான்: விருப்பமில்லாதவனை வேலை செய்யக் கட்டாயப்படுத்தினால் அது அடிமைத்தனம், வேலைநிறுத்தம் என்பது சுதந்திரத்துக்கு இன்னொரு பெயர். பேச்சோடு நிற்காமல் அந்த நவம்பர் 7 அன்று கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தமும் நடத்தினார்.

மேலே இருப்பவனின் உரிமை போனால் நமக்கென்ன என்பவர்கள் 2003 ஜூலையை நினைத்துப் பார்க்கட்டும். அரசு ஊழியர் கொழுத்துப் போய்விட்டார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, ஜெயலலிதா அரசு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்தது. அந்த வழக்கில்தான், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யத் தார்மீக உரிமைகூடக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசு ஊழியர்களுக்குச் சொன்னதை நாளைக்குப் பேரூராட்சித் துப்புரவுத் தொழிலாளியிடம் நீட்ட எவ்வளவு நேரமாகும்?

ஆகவே விமானிகள் ஸ்டிரைக் பண்ணட்டும், நாம் ஆதரிப்போம். ஆனால் அவர்களிடம் நமக்கும் ஒரு கேள்வி உண்டு. அவர்கள் இறங்கிய பிறகு அதே விமானத்தில் ஏறிக் கக்கூஸ் கழுவுகிறவர்கள், குப்பை அள்ளுகிறவர்கள் பெரும்பாலும் காண்ட்ராக்ட் ஆட்கள். அவர்களில் நம் சேரிப் பிள்ளைகளும் இருப்பார்கள். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்ற முழக்கம் அவர்களுக்கும் பொருந்தும்தானே? உங்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் அவர்களுக்காக ஒரு வரியாவது இருக்குமா?