குதிரைசக்திக்கும் ஒரு பிரமாணம் வேண்டும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று வேலூர் வட்டாரத்தில் நீளும் தோல் பதனிடும் பிரதேசத்தில் வளர்ந்த எவருக்கும், ஓர் அளவு அது எடுக்கப்பட்ட சூழ்நிலையோடு சேர்ந்தே அர்த்தம் பெறுகிறது என்பதைப் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. பதனிட்டு முடித்த தோல் சதுர அடிக் கணக்கில் விலை போகிறது. ஈரக்காற்றை உறிஞ்சிய தோல் சற்றே விரிகிறது, வெயிலில் உலர்ந்த தோல் சற்றே சுருங்குகிறது. ஆகையினால்தான் பரிசோதனைக்கூடங்களில் தோலை 23 பாகை உஷ்ணத்திலும் 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் நெடுநேரம் வைத்திருந்து, அதன் பின்னரே சோதிக்கிறார்கள்.

அளவில் இத்தனை கண்டிப்புள்ள இதே பிரதேசத்தின் இளைஞர்கள், எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரின் நிரலை மாற்றும் ரீமேப்பைக் காருக்குச் செய்துகொண்டு, சென்னையிலோ பெங்களூரிலோ கோயம்புத்தூரிலோ சக்தியை அளக்கும் டைனோ என்ற கருவியின் உருளைகள்மேல் அதை ஏற்றி, அச்சாகி வரும் தாளின் உச்சியிலுள்ள ஒரே ஓர் எண்ணைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்வது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

டைனோ நேரடியாக அறிவது எஞ்சினின் சக்தியை அன்று. டயர் உருளையைத் தள்ளும் விசையையும், உருளை சுழலும் வேகத்தையுமே அது அறிகிறது. எஞ்சினுக்கும் உருளைக்கும் இடையில் கியர்பெட்டியும் அச்சுகளும் டயர்களும் தத்தம் பங்கை விழுங்கிவிடுகின்றன. சக்கரத்தில் 86 குதிரைசக்தி கிடைத்ததென்று வைத்துக்கொள்வோம்: இடைநஷ்டம் 12 விழுக்காடு என்று ஊகித்தால் எஞ்சினுக்கு ஏறக்குறைய 98, 15 என்றால் 101, 20 என்றால் 107-க்கும் மேல். கார் ஒன்றே, ஓட்டமும் ஒன்றே. ஊகம் மட்டுமே மாறுகிறது. கிளட்சை மிதித்து உருளைகளைத் தாமாக வேகம் தணியவிட்டு அந்த நஷ்டத்தை ஓரளவு அளந்தறியும் முறை இருக்கையில், பணம் வாங்கிக்கொண்டு ஊகத்தை அச்சிட்டுத் தருவது நியாயமன்று.

டார்க் என்ற முறுக்குவிசை விஷயத்தில் இன்னொரு கண்ணி உண்டு. உருளையிலிருந்து கணித்த சக்தியை எஞ்சின் சுழற்சியால் வகுத்தே டார்க்கை நிர்ணயிக்கிறார்கள், ஆகவே ஆர்.பி.எம். தவறாகப் பதிவானால், சக்தி சரியாகவே இருந்தும் டார்க் பொய்யாகிவிடும். நியூட்டன்மீட்டரை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 7024-ஆல் வகுத்தால் பி.எஸ். என்ற மெட்ரிக் குதிரைசக்திக் கணக்கில் சக்தி வந்தாக வேண்டும். 3000 சுற்றில் 200 நியூட்டன்மீட்டர் என்றால் ஏறக்குறைய 85 பி.எஸ். தாளிலுள்ள இரண்டு கோடுகளும் இந்தக் கணக்குக்கு இணங்காவிட்டால் அந்தத் தாளை நம்ப வேண்டியதில்லை. இணங்கினாலும் ஆர்.பி.எம். சரியாகப் பதிவாயிற்றா என்று தனியே கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இனி நம் வேலூர் வெயிலுக்கு வருவோம். மே மாதத்தில் 40 பாகையைத் தாண்டும் இவ்வூரில் காற்றின் அடர்த்தி குறைகிறது. எஞ்சின் உள்ளிழுக்கும் பிராணவாயுவும் குறைகிறது. இந்தக் குறையை ஈடுசெய்யவே திருத்தக் காரணி என்ற ஏற்பாடு வகுக்கப்பட்டது. ஆனால் எஸ்.ஏ.இ. ஜே1349 என்ற பிரமாணம் 25 பாகையையும் 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தத்தையும் ஆதாரமாகக் கொள்ள, பழைய ஜே607 இன்னும் குளிர்ந்த, இன்னும் அடர்ந்த காற்றைக் கற்பித்துக்கொள்வதால், ஒரே ஓட்டத்துக்கு ஏறக்குறைய 4 விழுக்காடு அதிகமாகக் காட்டுகிறது. வெறும் ரீமேப்பினால் கூடியதாகச் சொல்லப்படும் சக்தியில் ஒரு பகுதி, இவ்விதம் பிரமாணத்தை மாற்றியதனாலேயே கூடியிருக்கக்கூடும். டர்போ எஞ்சினிலோ சிக்கல் அதிகம். கம்ப்யூட்டரே காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தி உஷ்ணத்தின் பாதிப்பில் ஒரு பங்கைச் சரிக்கட்டிவிடுவதால், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கு வகுத்த காரணியை அதன்மேல் அப்படியே சுமத்தினால் இல்லாத சக்தி பிறந்துவிடும். மின்விசிறி போதாத ஷெட்டில் அடுத்தடுத்து ஓட்டினால் உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறி மூன்றாம் ஓட்டம் முதல் ஓட்டத்தைவிடத் தாழும். மாற்றத்துக்கு முன் சூடான காரையும் பின்னர் ஆறிய காரையும் ஓட்டி ஒப்பிட்டுக் காட்டுகிறவரிடம் எச்சரிக்கையாயிருப்பது அவசியம்.

ஆகையால் கார் உரிமையாளர் தயங்காமல் கேட்க வேண்டியவை உண்டு. திருத்தாத சக்கர அளவு, திருத்திய அளவு, எந்தப் பிரமாணம், அந்த நேரத்து உஷ்ணம், அழுத்தம், ஈரப்பதம், எந்த கியர், டயரில் எவ்வளவு காற்று, எந்தப் பெட்ரோல், இவை யாவும் தாளில் இருக்கட்டும். முன்னும் பின்னும் அதே டைனோவில், அதே நாளில், எஞ்சின் எண்ணெய் அதே சூட்டை அடைந்த பிறகு, குறைந்தது மூன்று ஓட்டம் நடக்கட்டும். மூன்றும் ஒன்றையொன்று நெருங்கி நிற்காவிட்டால், அவற்றில் பெரியதை எடுத்துக்கொள்ளும் சபலத்துக்கு இடம் தரலாகாது.

வேலூர் வட்டாரத்துப் பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் கயிற்றுப் பிரேக்கைப் பூட்டி, எடையைத் தொங்கவிட்டு, எஞ்சினின் சக்தியைக் கணக்கிட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். அக்கல்லூரிகளுள் ஒன்றேனும் கார்களுக்கான உருளை டைனோவை நிறுவி, அது உருளையைப் பிரேக்கால் தடுத்து அளக்கும் வகையானால் அதன் அளவுக்கரத்தில் தெரிந்த எடைகளைத் தொங்கவிட்டுப் பொதுமக்கள் முன்னிலையில் அதன் அளவைச் சரிபார்த்து, நியாயமான கட்டணத்தில் எல்லோருக்கும் திறந்துவிடுமானால், ஆம்பூர் இளைஞர் ரீமேப் செய்த கடையின் டைனோவையே அந்த வேலைக்குச் சாட்சியாக நம்ப நேராது.